இருபது வார அளவு

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் வாசல் காவலாளி முதல் மயக்க மருந்து டாக்டர் வரை அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் கேமராக்காதான். அந்தப் பட்டம் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. அன்றைக்கு டாக்டரம்மாவுக்கு உதவியாக நிற்க வேண்டிய பயிற்சி டாக்டர் காய்ச்சல் என்று வரவில்லை. நோயாளி மேசைமேல் மயக்கத்தில் கிடந்தாள். டாக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கருவிகளை எடுத்துக் கொடுக்க நின்றிருந்த நர்ஸான அவளிடம், "நீ பிடி. நான் போற இடத்துக்கெல்லாம் கூடவே வா, அவ்வளவுதான்" என்றார்.

லேப்ராஸ்கோபி ஆபரேஷனில் வயிற்றைக் கிழிப்பதில்லை. தொப்புளில் ஒரு சிறு துளை, பக்கங்களில் மூன்று. தொப்புள் துளை வழியாக ஒரு நீளக் குழாய் உள்ளே போகும். அதோடு விளக்கும் கேமராவும் சேர்ந்தே இருக்கும். வயிற்றுக்குள் இருப்பது எதிரே திரையில் பெரிதாகத் தெரியும். மற்றத் துளைகளில் நீண்ட கத்தரியையும் இடுக்கியையும் விட்டு, டாக்டர் திரையைப் பார்த்தபடியே வேலை செய்வார். ஒருவர் அந்தக் கேமராவை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பிடிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும். கை ஒரு விரற்கடை சாய்ந்தால் திரையில் எல்லாமே சாயும். டாக்டரின் கத்தரியைத் துரத்திக்கொண்டு ஓடினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். பின்தங்கினால் எதை வெட்டுகிறோம் என்றே தெரியாது. கண்ணாடியில் ஆவி படியும். வெளியே எடுத்து, வெந்நீரில் நனைத்துத் துடைத்து, மறுபடி விட்ட இடத்துக்கே வர வேண்டும். அவளுக்கு இதெல்லாம் ஒரே மாதத்தில் கைவந்தது. அதன்பின் டாக்டரம்மா வேறு ஆளைக் கேட்கவே இல்லை. மோவாயை லேசாக அசைத்தால் போதும், திரை தானாக நகரும். "நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காமலே ரெண்டு மணி நேரம் சண்டை போடுறீங்க" என்பார் மயக்க மருந்து டாக்டர்.

"ஊர்ல பாதிப் பொம்பளைங்கள உள்ளயும் வெளியயும் தெரிஞ்சவ நான். எங்கிட்ட யாரும் வாலாட்ட முடியாது" என்று அவளும் சிரிப்பாள்.

கருப்பை எடுக்கும் ஆபரேஷன்தான் அங்கே அதிகம். டாக்டரம்மா உள்ளே பார்த்ததும் அளவைச் சொல்வார். "பன்னெண்டு வார அளவு", "பதினாலு வார அளவு". கர்ப்பம் அத்தனை வாரமானால் கருப்பை எவ்வளவு பெரிதாக இருக்குமோ, அதை வைத்துத்தான் கணக்கு. கர்ப்பமே இல்லாமல் கட்டியால் பெருத்திருந்தாலும் அதே அளவுகோல்தான். அதைக் கேட்டுக் கேட்டு எழுதிய அவளுக்கு, அது வேறு எதையும் நினைவூட்டாத வெறும் எண்ணாகிவிட்டிருந்தது. எடுத்த கருப்பையை ஸ்டீல் தட்டில் வைத்து, பச்சைத் துணியால் மூடி, வெளியே காத்திருக்கும் குடும்பத்தாருக்குக் காட்டுவதும் அவள் வேலை. சிலர் எட்டிப் பார்ப்பார்கள். பல ஆண்கள் கூரையைப் பார்ப்பார்கள். "இத்துனூண்டா என் பொண்ண இந்தப் பாடு படுத்துச்சு?" என்று ஒரு தாய் தட்டைப் பார்த்துத் திட்டியதும் உண்டு. பெரிய கருப்பை முழுசாக வராது. உள்ளேயே ஒரு பையில் போட்டு, பைக்குள்ளேயே துண்டாக்கி எடுப்பார்கள். அதையும் அவள் பூசி மெழுகாமல் சொல்லிவிடுவாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தார். அதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர்கள் இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு கம்பி கட்டிய பால்கனி. கல்யாணமான இரண்டாவது வருஷம் அவளுக்கு ஒரு குழந்தை தங்கியது. இருபதாவது வாரத்தில் திடீரென்று ரத்தம் கொட்டியது. அப்போது அவள் இந்த வேலைக்கு வந்திருக்கவில்லை. ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து எடுத்ததில் அவள் பிழைத்தாள். குழந்தைக்கு மூச்சில்லை. பெண் குழந்தை. அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை. முதல் சில வருஷம் அதைப் பற்றிப் பேச இருவருக்கும் தைரியம் இல்லை. பிறகு பேசாமல் இருப்பதே பழகிப்போனது.

ரோபோ வந்தது அவளுக்கு நாற்பத்து நான்கு வயதானபோது. நான்கு கைகள் கொண்ட ஒரு பெரிய இயந்திரம். ஒவ்வொரு கைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி, நோயாளியின்மேல் குனிய வைத்து, துளைகளில் செருகிய குழாய்களோடு இணைப்பார்கள். டாக்டரம்மா மேசையருகே நிற்க மாட்டார். பத்தடி தள்ளி, மூலையில் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்துகொள்வார். அங்கே அவர் விரல் அசைய, இங்கே இயந்திரக் கை அசையும். கேமராவை இயந்திரமே பிடித்துக்கொள்ளும். அதன் கை ஆடவே ஆடாது.

"உன் வேலையப் புடுங்கிட்டேன்னு கோவமா?" என்று முதல் நாள் டாக்டரம்மா கேட்டார்.

"எனக்கென்ன மேடம், நிம்மதியா ஒரு காலை மாத்தி நிப்பேன்" என்றாள். உண்மையும் அதுதான். டாக்டரம்மாவின் வலது தோள் படுகிற பாடு அவளுக்குத்தான் தெரியும். இருபது வருஷமாகக் கையைத் தூக்கிப் பிடித்து நின்றதில், அந்தக் கை இப்போது தலை வாரக்கூட உயராது. ஒவ்வொரு ஆபரேஷனும் முடிந்து கையுறையைக் கழற்றும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். உட்கார்ந்து செய்ய ஒரு வழி வந்ததில் கேமராக்காவுக்கும் சந்தோஷமே.

அந்த வருஷம் ஆஸ்பத்திரி ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. பழைய முறையில் கையால் செய்யும் லேப்ராஸ்கோபி, புதிய ரோபோ இரண்டையும் ஒப்பிட வேண்டும். குறித்துவைக்கும் பொறுப்பு கேமராக்காவுக்கு வந்தது. தடித்த அட்டை போட்ட நோட்டில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் "கை", மறுபக்கம் "ரோபோ" என்று எழுதினாள். நோயாளியின் வயது, கருப்பையின் அளவு, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, எவ்வளவு ரத்தம் போனது, எத்தனை நாள் படுக்கை, திரும்பி வந்தவர்களுக்கு என்ன தொந்தரவு. ஒன்றரை வருஷம் ஒரு நாள் விடாமல் எழுதினாள். ரோபோவைப் பொருத்தி எடுப்பதற்கே முதலில் முக்கால் மணி நேரம் போனது. போகப் போக அது கால் மணியாகக் குறைந்தது. செலவு ரோபோவில் கூடுதல். மற்றபடி ரத்தம், வலி, படுக்கை நாள் எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டு பக்கத்துப் பெண்களும் இரண்டாம் நாள் எழுந்து நடந்தார்கள். மூன்றாம் நாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்து அழுதவர்களும் ரெண்டு பக்கத்திலும் இருந்தார்கள். அதைக் குறிக்க நோட்டில் இடம் விட்டிருக்கவில்லை.

இதற்கெல்லாம் நடுவே அவளுக்கே ரத்தப்போக்கு தொடங்கியிருந்தது. மாதத்தில் ஐந்து நாள் என்பது பத்தாகி, பத்து பதினைந்தானது. மாடிப்படியில் ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். கணவர் கேட்டால், "வயசாகுதுல்ல, நீங்க ஒரு லிஃப்ட் போட்டுக் குடுங்க" என்று சிரித்து மழுப்பினாள். நாள் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத் தனக்கு என்னவென்று தெரியாதா? தெரியும். தெரிந்ததனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை, பழைய முறை ஆபரேஷன். மேசையில் கருவி பிடித்தவர் டாக்டரம்மாவிடம் தொழில் கற்ற சின்ன டாக்டர். டாக்டரம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேமராக்கா வழக்கம்போல் கேமராவைப் பிடித்திருந்தாள். திடீரென்று திரை சாய்ந்தது. அவள் நேராக்கினாள். மறுபடி சாய்ந்தது. பிறகு படம் முழுவதும் மெல்ல நடுங்க ஆரம்பித்தது.

"கை ஆடுது" என்றார் டாக்டரம்மா.

பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. வேறொருவர் கேமராவை வாங்கிக்கொண்டார். டாக்டரம்மா அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது.

"எத்தன நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும் மேடம்."

"என் பக்கத்துல நின்னுக்கிட்டே ஒரு வருஷமா எனக்கே தெரியாம வச்சிருந்தியா? நீ மனுஷியா?" டாக்டரம்மாவுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மாவே அவள் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார். நிறையக் கட்டிகள். ஒன்று ஒரு பெரிய மாம்பழம் அளவு. பழைய வடு சிறுநீர்ப்பையோடு ஒட்டிக்கிடந்தது. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம், பழக்கதோஷத்தில், நினைக்காமல் சொன்னார்: "இருபது வார அளவு."

கேமராக்கா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். டாக்டரம்மாவுக்குச் சட்டென்று உறைத்தது. பழைய கதை அவருக்குத் தெரியும். திரையை அணைத்தார். எழுதிக்கொண்டிருந்த பெண்ணை வெளியே போகச் சொன்னார். காகிதத்தை எடுத்து அவள் வயிற்றைத் தானே துடைத்துவிட்டார்.

கருப்பையை எடுத்தாக வேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. மாத்திரை, ஊசி எதற்கும் அடங்கும் கட்டம் தாண்டிவிட்டது. ரத்தம் ஏற்றி, மூன்று வாரம் இரும்புச்சத்து ஊசி போட்டு, உடம்பைத் தேற்றிவிட்டுச் செய்யலாம் என்று முடிவாயிற்று.

"எந்த வழியில மேடம்?" என்று கேட்டாள் அவள்.

"நோட்டு எழுதுனது நீ. என்னக் கேக்குற?"

"நோட்டுல ரெண்டும் ஒண்ணுதான். உங்க வாயால கேக்கணும்."

டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். "ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். சாதாரணமா நோயாளிக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. எனக்குத்தான் வித்தியாசம். உனக்குக் கட்டி பெருசு, மூத்திரப்பையோட ஒட்டிக்கிட்டும் இருக்கு. மெஷின்ல கருவி மணிக்கட்டு மாதிரி வளையும், ஆழமும் நல்லாத் தெரியும். ஒட்டுன இடத்தப் பிரிக்க அது எனக்கு வசதி. அதுக்காக அதுதான் உசத்தின்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

 "கையாலயே செய்யுங்க மேடம். நீங்க என் பக்கத்துல நிக்கணும்" என்றாள்.

அவள் எதையும் கேட்டுப் பழகாதவள். விடுமுறை கூடக் கேட்க மாட்டாள். டாக்டரம்மா தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"என்னால முடியாதும்மா. இந்த அளவுக்கு மூணு மணி நேரம் ஆகும். நடுவுல என் கை விட்டுப்போச்சுன்னா? உன் வயித்துக்குள்ள அது நடக்க விடமாட்டேன். கையால செய்யணும்னா சின்ன டாக்டர்தான் செய்யணும். நல்லா செய்வா. நான் செய்யணும்னா மூலையில உக்காந்துதான் செய்ய முடியும்."

 எத்தனையோ பெண்களிடம், "டாக்டரம்மா பெட்டிக்குள்ள உக்காந்திருந்தாலும் உங்க பக்கத்துல இருக்குற மாதிரிதான்" என்று அவளே சமாதானம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்கள் ஏன் அரை மனசாகத் தலையாட்டினார்கள் என்பது இப்போது புரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில், கணவர் வேலை உடுப்பைக் கழற்றிவிட்டுக் கைகளில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, விஷயத்தைச் சொன்னாள். அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"கண்டிப்பா எடுக்கணுமா?" என்றார்.

"எடுக்கலேன்னா நான் இருக்க மாட்டேன்."

"சரி, சரி. எடுத்துரலாம்." குழாயை மூடினார். துண்டைத் தேடினார், அது அவர் தோளிலேயே இருந்தது. "மெஷினா, கையா?"

அவள் இரண்டையும் விளக்கினாள். அவருக்கு இயந்திரத்தில் பயமில்லை. எந்த இயந்திரமானாலும் பராமரிப்பு ஒழுங்காக இருந்தால் சொன்னதைக் கேட்கும் என்பது அவர் கட்சி. ஆனால் அவர் காதில் எதுவும் சரியாக ஏறவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பால்கனிப் பக்கம் போய், காயப்போட்ட துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அந்த வேலையை அவர் செய்து அவள் பார்த்ததே இல்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"இந்த வயசுல இனிமே குழந்த பிறக்கும்னா நெனச்சிட்டு இருந்தீங்க?"

"சேச்சே." சட்டையை மூன்றாவது முறையாகப் பிரித்து மடித்தார். "அவ நம்ம வீட்டுக்கு வரவே இல்லல்ல. தொட்டில், பாய், ஒண்ணும் பாக்கல. அவ இருந்த ஒரே இடம் அதான். அதையும் எடுத்துட்டா, அவ இருந்ததுக்கு..." முடிக்கவில்லை. சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டு வருஷத்தில் "அவ" என்று அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் மறந்துவிட்டார் என்றே அவள் நினைத்திருந்தாள். அதற்காக உள்ளுக்குள் அவரைக் கொஞ்சம் வெறுத்ததும் உண்டு. இப்போது அவர் பக்கத்தில் போய் உட்காரக்கூடத் தோன்றாமல், கதவைப் பிடித்தபடி நின்றாள்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்: "எடுத்தப்புறம் வெளிய கொண்டாந்து காட்டுவாங்கல்ல? முழுசா வருமா?"

ஆயிரம் குடும்பங்களுக்கு உண்மையைச் சொன்னவள் அவள். அன்றைக்கு அந்த உண்மைக்கு அவள் நாக்கு புரளவில்லை.

"வரும்" என்றாள்.

மறுநாள் முதல் வேலையாக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். "மேடம், வயித்தத் திறந்தே எடுத்துரலாமா?"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ரெண்டையும் ஒப்பிட்டு ஒன்றர வருஷம் எழுதிட்டு, ரெண்டுலயும் இல்லாத மூணாவதக் கேக்குறியே. ஏன்?"

"திறந்து எடுத்தாத்தான் முழுசா வரும். கையோ, ரோபோவோ, ரெண்டுலயும் துண்டாத்தான வரும்?" அவள் கணவர் கேட்டதைச் சொன்னாள். தான் சொன்ன பொய்யையும் சொன்னாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ரத்தம் இத்தனை குறைந்த உடம்பில், ஏற்கெனவே ஒரு தடவை கீறிய வயிற்றில், அவ்வளவு பெரிய கீறல் போட்டால் என்னென்ன ஆகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு வாரம் படுக்கை. காயம் சீழ் பிடிக்கலாம். எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். "துளை வழியா முடியவே முடியாதுன்னா திறக்கலாம். முடியும்னு தெரிஞ்சும் திறக்க என் மனசு ஒப்பல. உனக்குக் கண்டிப்பா அதுதான் வேணும்னா சொல்லு. செய்றேன். அதுக்கு ஒரு மணி நேரம் நிக்க என் தோள் தாங்கும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே நோயாளிகள் சீட்டுக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். முழுசாகப் பார்த்தால் மட்டும் அவருக்கு என்ன ஆறிவிடப்போகிறது? பழைய வடு மட்டும்தான் தெரியும். அதைவிட, அவளுக்கு ஏதாவது ஆகி, அவரும் அந்த மூன்று மாடியும் தனியாக நின்றால்?

"ரோபோலயே செய்யுங்க மேடம்" என்றாள். "அவருக்குத் தட்டு மட்டும் காட்ட வேண்டாம்."

ஆபரேஷன் அன்று அவளை மேசையில் படுக்கவைத்தபோது, எல்லா விளக்குகளும் தலைகீழாகத் தெரிந்தன. இத்தனை வருஷமாக அந்த அறையை நின்றுகொண்டே பார்த்தவளுக்கு, படுத்துப் பார்க்கையில் வேறு இடம்போல் இருந்தது. கூரையில் ஒரு பல்லி வடிவக் கறை. எத்தனை பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருப்பார்கள்? டாக்டரம்மா மூலைக்குப் போகவில்லை. மேசையருகே வந்து நின்று, உயராத அந்த வலது கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ தூங்குற வரைக்கும் இங்கதான் நிப்பேன்."

"கேமராவ யார் புடிக்கிறா மேடம்?" என்றாள் அவள், மருந்து ஏறிய நாக்கோடு.

"மெஷின்தான். உன்ன மாதிரி எதுத்துப் பேசாது."

மூன்று மணி பத்து நிமிஷம் ஆனது. ஒட்டியிருந்த இடத்தைப் பிரிக்கவே பாதி நேரம் போயிற்று. இடையில் டாக்டரம்மா பெட்டியிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார் என்று சின்ன டாக்டர் பிற்பாடு சொன்னார். பழைய வடு திரை முழுக்கப் பெரிதாக வந்த நேரம் அது. சிறுநீர்ப்பைக்குச் சேதமில்லை. ரத்தமும் அதிகம் போகவில்லை. கருப்பையின் எடை தொள்ளாயிரம் கிராம். புற்று எதுவும் இல்லை என்று பத்து நாளில் முடிவு வந்தது. வெளியே காத்திருந்த கணவரிடம் டாக்டரம்மாவே போய், "நல்லா இருக்காங்க. எடுத்தத உடனே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதாப் போச்சு, அதான் காட்டல" என்றார். அவர் தலையாட்டினார். வேறெதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் அவள் எழுந்து நடந்தாள். மூன்றாம் நாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வயிற்றில் ஐந்து சிறு தையல்கள் மட்டும். வலி கூடப் பெரிதாக இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று போயிருக்கிறது, உடம்பு இத்தனை லேசாக அதை விட்டுவிட்டதே என்று இருந்தது. வீட்டுக்கு வந்தபின் கணவர் ஒரு நாற்காலியைக் கயிறு கட்டி மாடிக்கு ஏற்ற முடியுமா என்று கணக்குப் போட்டார். "நான் என்ன பீரோவா?" என்று அதட்டி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து ஏறினாள். அவர் சமைத்தார். உப்பு ஒரு நாள் கூடும், மறுநாள் குறையும். குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தையல் போட்ட இடங்களுக்கு அவர் மருந்து தடவிக்கொண்டிருந்தார். அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. போட்டு உடைத்துவிட்டாள்.

"ஏங்க, நான் ஒரு பொய் சொன்னேன். அது முழுசா வரல."

அவர் தடவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ சொன்னப்பவே. எந்தச் சாமான் எந்தச் சந்துல நுழையும்னு பாக்குறதுதான் என் பொழப்பு. இந்த அஞ்சு ஓட்டையில ஒண்ணுகூட என் கட்டவிரல் அகலம் வராது. இதுல முழுசா வரும்னு நீ சொன்னா நான் நம்பிருவேனா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ எனக்காகச் சொல்ற. வேண்டாம்னு சொல்லவா?" மருந்துக் குழாயின் மூடியைத் திருகி மூடினார். "அன்னைக்கு நான் அவளப் பாத்தேன். உனக்குத்தான் காட்டல. நீ மயக்கத்துல இருந்த. ஒரு நர்ஸு துணிய விலக்கிக் காட்டுனா. அப்புறம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க கொண்டுபோறீங்கன்னு நான் கேக்கல. கேக்கணும்னே தோணல. அதான் இத்தன வருஷமா..."

அவர் அன்று பேசிய அளவுக்கு அதற்குமுன் பேசியதில்லை. அவளும் பேசினாள். அவர் மறந்துவிட்டதாக நினைத்ததையும், அதற்காக வெறுத்ததையும்கூடச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அதற்குள் சின்ன டாக்டர் நோட்டில் அவளை ரோபோ பக்கத்தில் ஐம்பத்தொன்பதாவது வரியாக எழுதிவைத்திருந்தார். அந்த வருஷக் கடைசியில் டாக்டரம்மா தோள் வலியோடு ஓய்வு பெற்றார். கேமராக்கா ஆபரேஷன் அறையிலிருந்து மாற்றல் கேட்டு, பெண்கள் வார்டுக்கு வந்தாள். அங்கேயும் அவள் பெயர் கேமராக்காதான்.

வார்டில் சேர்வதற்கு முந்தின வாரம், விடுமுறை நாளில், இருவரும் பஸ் ஏறி ஊரின் மறுகோடியில் இருந்த அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தையை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று ஒரு வரியாவது எங்காவது எழுதியிருக்கும் என்பது அவர் நம்பிக்கை. பதிவறை அடித்தளத்தில் இருந்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடியோடு, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டாள். வருஷம் கேட்டாள். மாதம் கேட்டாள். தாயின் பெயரை எழுதிக்கொண்டாள்.

"குழந்த பேரு?"

"பேர் வைக்க..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள், கணவர் ஒரு பெயரைச் சொன்னார். தடுமாறாமல், தினமும் கூப்பிடுகிற பெயரைச் சொல்வதுபோல. அவள் அதுவரை அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

பதிவறைப் பெண் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். அரை மணி நேரம் கழித்து, சேலையெல்லாம் தூசியோடு திரும்பி வந்தாள். "பழைய பதிவெல்லாம் தண்ணி புகுந்து கெட்டுப்போச்சுங்க. அந்த வருஷத்துக் கட்டே இல்ல. நல்லாத் தேடிப் பாத்துட்டேன். மன்னிச்சிக்குங்க" என்றாள். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

"எப்ப வச்சீங்க அந்தப் பேரு?"

"அன்னைக்கே. துணிய விலக்கிக் காட்டுனப்ப."

அவள் அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "யாரு மாதிரி இருந்தா?"

"உன்ன மாதிரிதான்" என்றார். பிறகு, நேர்மையாக இருக்க வேண்டும் என்பதுபோல, "மூக்கு மட்டும் என்னது" என்றார்.

"அய்யோ பாவம்" என்றாள் அவள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். எதிர் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அழுதாள்.